நிலவொளியில் இறங்கிய நூர்

ஓய்வுபெற்று ஏற்காட்டில் குடியேறிய பின், முழுநிலவு இரவுகளில் சேர்வராயன் மலைச்சரிவைப் பார்க்கும்போதெல்லாம் நூர் இனாயத் கான் எனக்கு நினைவுக்கு வருகிறார். 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி சேலமும் பாராமகாலும் கம்பெனியின் கைக்குப் போகும்வரை, இம்மலைகள் திப்பு சுல்தானின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தன. அந்தத் திப்புவின் வழிவந்த பெண், ஆங்கிலேயர் விமானத்தில் ஏறி, அவர்களுக்காகவே உயிர் கொடுத்தார்.

நூர் 1914 ஜனவரி 1 அன்று மாஸ்கோவில் பிறந்தார். தந்தை பரோடாவைச் சேர்ந்த இசைக்கலைஞரும் சூஃபி ஞானியுமான ஹஸ்ரத் இனாயத் கான், தாய் அமெரிக்கர். பாரிஸ் அருகே வளர்ந்த நூர், புத்த ஜாதகக் கதைகளைச் சிறுவர்களுக்காக எழுதினார். 1940-இல் பிரான்ஸ் வீழ்ந்ததும் இங்கிலாந்து சென்று, விமானப்படையின் மகளிர் பிரிவில் சேர்ந்து வயர்லெஸ் பயின்றார்.

1943 ஜூன் 16 இரவு அவரைப் பிரான்ஸுக்கு ஏற்றிச் சென்றது லைசாண்டர் என்னும் சிறு விமானம். தரைப்படைக்கு உதவ வடிவமைக்கப்பட்ட அது, பகல் போரில் வேகம் போதாமல் அடிவாங்கியது. ஆனால் மெதுவாகப் பறக்க வல்லது என்பதால் சிறு வயலிலும் இறங்க முடிந்தது. ஒற்றர்களை ஏற்றியிறக்க அதன் பக்கவாட்டில் ஏணியும், வயிற்றடியில் கூடுதல் எரிபொருள் தொட்டியும் பொருத்தினார்கள். விமானி ஒருவரே, வழிகாட்ட நிலவும் ஆறுகளும்தான். தரையில் மூன்று கைவிளக்குகள் அடையாளம் காட்டும். சில நிமிடங்களில் மீண்டும் மேலெழுந்துவிட வேண்டும்.

நூர் இறங்கிய சில நாள்களிலேயே பாரிஸ் ஒற்றர் வலைப்பின்னல் சிதைந்தது. திரும்பி வருமாறு லண்டன் அழைத்தும் அவர் மறுத்தார். இடம்விட்டு இடம் மாறி, ஏறத்தாழ நான்கு மாதங்கள் செய்தி அனுப்பினார். அக்டோபரில் காட்டிக்கொடுக்கப்பட்டார்.

அனுப்பிய செய்திகளின் படிகளைக் குறிப்பேட்டில் வைத்திருந்தது அவர் செய்த பிழை. அதைக் கொண்டு ஜெர்மானியர் அவர் பெயரில் லண்டனுக்குச் செய்தி அனுப்பினர். அவர் பிடிபட்டதாக எச்சரிக்கை எட்டியும் தலைமையகம் நம்ப மறுத்து, மேலும் ஒற்றர்களை இறக்கியது. அவர்கள் நேரே எதிரியின் கையில் விழுந்தனர். பழியை நூரின் அனுபவமின்மைமீது சுமத்துவோர் இதையும் கணக்கில் எழுத வேண்டும். பயிற்சியாளர்கள் ஐயம் தெரிவித்திருந்தும் அவரை அனுப்பியது அந்தத் தலைமையகம்தான்.

தப்ப முயன்ற அவரைச் சங்கிலியிட்டுத் தனிமைச் சிறையில் வைத்தார்கள். 1944 செப்டம்பர் 13 அன்று டாஹாவ் முகாமில் சுட்டுக்கொன்றார்கள். வயது முப்பது. 1949-இல் ஜார்ஜ் கிராஸ் விருது அளிக்கப்பட்டது.

அந்த நிலவிரவில் இரண்டு லைசாண்டர்களில் சென்ற பெண்கள் மூவர். ஒருவரும் திரும்பவில்லை.