மேரி ஆஸ்டின்: பாலைவனத்தின் தடம் படித்தவர்

லாஸ் ஏஞ்சலிஸில் குடியேறிய புதிதில், குழாயில் வரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நான் யோசித்ததே இல்லை. ஊரில் தெருக் குழாயடியில் குடத்தோடு காத்து நின்றவன்தான். இங்கே வந்தபின் அந்தக் கேள்வி மறந்துவிட்டது. அதை எனக்கு நினைவூட்டியவர் 1934-இல் இறந்துபோன எழுத்தாளர் மேரி ஆஸ்டின். 1903-இல் வெளியான அவரது முதல் நூல் 'தி லேண்ட் ஆஃப் லிட்டில் ரெய்ன்' ஒரு பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. மழை குறைந்த நிலம் என்று தமிழில் சொல்லலாம். பதினான்கு கட்டுரைகள். படித்து முடித்த சில வாரங்களில், அவர் வாழ்ந்த இண்டிபெண்டன்ஸ் என்ற சிற்றூருக்குக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மேரி 1868-இல் இல்லினாய் மாநிலத்தின் கார்லின்வில்லில் பிறந்தவர். பத்து வயதில் தந்தையையும், அதே ஆண்டில் தங்கையையும் இழந்தார். 1888-இல் கல்லூரிப் படிப்பை முடித்த கையோடு, குடும்பம் கலிஃபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் அரசு நிலம் பெற்றுக் குடியேறியது. அது வறட்சிக் காலம். பயிர் கைகொடுக்கவில்லை. பசுமையான ஊரில் வளர்ந்த பெண்ணுக்கு அந்த வெட்டவெளி முதலில் அச்சத்தையே தந்தது. இரவுகளில் வெளியே அமர்ந்து முயல்களையும் ஆந்தைகளையும் கவனிக்கத் தொடங்கியபோதுதான் அச்சம் விலகியது.

1891-இல் ஸ்டாஃபர்ட் வாலஸ் ஆஸ்டினை மணந்து, அடுத்த ஆண்டு ஓவென்ஸ் பள்ளத்தாக்குக்கு வந்தார். மேற்கே சியரா நெவாடா மலைத்தொடர் மழை மேகங்களைத் தடுத்துவிடுவதால், பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு ஐந்தாறு அங்குல மழைதான். ஆனால் மலைப்பனி உருகி ஓடைகளாக இறங்கும். அங்கே காலங்காலமாக வாழும் பையூட் மக்கள் தங்கள் மொழியில் அந்த இடத்துக்கு வைத்த பெயரின் பொருளே 'தண்ணீர் ஓடும் இடம்' என்பதுதான். மேரி அந்தப் பெண்களோடு பழகினார். எந்த விதையை உண்ணலாம், எந்தச் செடி மருந்தாகும், கூடை முடைய எந்தக் கொம்பை எப்போது வெட்ட வேண்டும் என்பதையெல்லாம் அவர்களிடம் கேட்டுக் கற்றார். ஆட்டு மந்தைக்காரர்களும் அவருக்கு ஆசிரியர்கள்.

பாலைவனம் வெறுமை அல்ல, அங்கே ஒவ்வோர் உயிரும் இன்னொன்றைக் கவனித்தே வாழ்கிறது என்பதுதான் அவர் கண்டது. செடிகள் ஒன்றுக்கொன்று இடம்விட்டு நிற்பது வறுமையால் அல்ல. மண்ணுக்கடியில் வேர்கள் பங்கிட்டுக்கொள்ளும் ஈரத்தின் அளவு அது. ஒரே செடி மழையுள்ள ஆண்டில் ஆளுயரம் வளரும். வறண்ட ஆண்டில் விரல் நீளத்திலேயே பூத்து, காய்த்து, விதை விட்டுவிடும். எலியும் முயலும் நடந்து தேய்ந்த ஒற்றையடித் தடங்கள் எல்லாம் ஊற்றை நோக்கியே கூடும். நம் கண்ணுக்குப் புலப்படாத அந்தத் தடங்களைக் கயோட்டி என்னும் ஓநாயின் சிறு உறவினன் நன்கறியும். குடிக்க வருவதை அது பிடிக்கும். கயோட்டியை அண்டங்காக்கை பின்தொடரும். ஒரு பிணந்தின்னிக் கழுகு தாழ்ந்தால், தொலைவில் வட்டமிடும் மற்றவையும் அதைப் பார்த்து இறங்கும். எதுவும் வீணாவதில்லை. மனிதன் எறிந்துவிட்டுப் போகும் தகர டப்பாவைத் தின்னத்தான் அங்கே யாரும் இல்லை என்று அவர் அன்றே குறித்தார்.

கடும் வெயிலில் மெடோலார்க் பறவைகள் முட்டைகளின் மேல் சிறகை விரித்து நின்று நிழல் தருவதைக் கண்டு, அவற்றுக்காக ஒரு துண்டுக் கித்தானைக் கட்டிவிட்டதையும் எழுதியிருக்கிறார். இதைப் படிக்கும்போது அவருடைய வீட்டை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1892-இல் பிறந்த ஒரே மகள் ரூத் மனவளர்ச்சி குன்றியவள். குழந்தையையும் எழுத்தையும் ஒருசேரத் தாங்க முடியாமல், கடைசியில் மகளைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார். ரூத் 1918-இல் இறந்தாள். இதற்காக மேரியைப் பழித்தவர்கள் உண்டு. தீர்ப்புச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

1905-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் பள்ளத்தாக்கின் நிலங்களையும் நீர் உரிமைகளையும் வாங்கிக் குவிப்பது வெளிச்சத்துக்கு வந்தது. அரசு நில அலுவலகத்தில் பணியிலிருந்த கணவர் எதிர்ப்புத் தெரிவித்தார். மேரி சான் ஃபிரான்சிஸ்கோ நாளிதழில் எழுதினார். பயனில்லை. 1913 நவம்பரில் 233 மைல் நீளக் கால்வாய் திறக்கப்பட்டது. அதற்குள் அவர் பள்ளத்தாக்கைவிட்டு வெளியேறியிருந்தார். 1914-இல் மணமுறிவு. அந்தத் தோல்வியின் சாயல் 1917-இல் வந்த 'தி ஃபோர்ட்' நாவலில் இருக்கிறது. கடைசிக் காலத்தில் நியூ மெக்சிகோவின் சாண்டா ஃபேயில் குடியேறி அங்கேயே மறைந்தார்.

1920-களின் நடுவில் ஓவென்ஸ் ஏரி வற்றியது. அதன் உப்புப் படுகை, அமெரிக்காவிலேயே மிக மோசமான புழுதிக்கு ஊற்றாகப் பல பத்தாண்டுகள் இருந்தது. நம் பழந்தமிழ் மரபு, வளமிழந்து திரிந்த நிலத்தையே பாலை என்றது. மேரி நேசித்த பாலைவனம் அப்படித் திரிந்தது அல்ல. இயல்பாகவே வறண்டு, அதற்குள் ஓர் ஒழுங்கோடு வாழ்ந்தது. ஏரிப் படுகைதான் திரிந்த நிலம்.

இண்டிபெண்டன்ஸில் அவர் வீடு இன்னும் இருக்கிறது. அருகிலுள்ள சியரா சிகரமொன்றுக்கு அவர் பெயர். திரும்பும் வழியில் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினேன். புழுதியை அடக்க 2001 முதல் படுகையின் சில பகுதிகளில் மெல்லிய அளவில் நீர் விடுகிறார்கள். அந்த நீரில் உப்பு ஈக்கள் பெருகின. ஈக்களைத் தேடிக் கரைப்பறவைகள் திரும்பிவிட்டன. யாரும் அழைக்கவில்லை, தண்ணீரைப் பார்த்து வந்தவை.

அன்றிரவு வீட்டில் ஒரு தம்ளர் தண்ணீர் பிடித்தேன். உடனே குடிக்க மனம் வரவில்லை.