ஓவியர் அவனீந்திரநாதர்

கம்பம் பள்ளத்தாக்கில் மார்கழித் திங்களின் வைகறைக் காட்சி மிக்க அழகுடையது. சின்னமனூர்ப் பக்கத்து வயல்வரப்பில் நின்று கிழக்கே நோக்கினால் மேகமலைத் தொடர் தெரியும். அருகிலுள்ள குன்று கரும்பச்சையாகவும், அதற்கு அப்பாலுள்ளது நீலமாகவும், அதற்கும் அப்பாலுள்ளது சாம்பல் நிறமாகவும் தோன்றும். ஒரு மலை எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று வரையறுத்துக் காட்ட இயலாது. இக்காட்சியைக் கூரிய பென்சிலால் எழுதப் புகும் மாணவன் விரைவில் மனம் சோர்வான். கோடே இல்லாத இடத்தில் எதனைக் கோடாக இடுவது?

இத்தகைய மென்மையைத் தாளில் கொணர்வதற்கு ஏற்ற கருவி ஒன்று உண்டு. அதனைப் பாஸ்டல் என்பர். தமிழில் வண்ணச் சுண்ணக்கோல் எனலாம். நிறப்பொடியுடன் வெண்சுண்ணப் பொடியும் சிறிதளவே பசையும் சேர்த்துப் பிசைந்து, கோலாக உருட்டி உலர்த்தி இதனைச் செய்வர். இதற்குத் தூரிகை வேண்டா, நீரும் வேண்டா. சற்றே சொரசொரப்பான தாளில் தேய்த்தால் பொடி பற்றிக்கொள்ளும். விரலால் மெல்லத் தடவினால் ஒரு நிறம் மற்றொன்றோடு கலந்து, பனிமூடிய மலைபோல் எல்லை கரைந்துவிடும். ஆயினும் எளிது என்று எண்ணிவிடுதல் கூடாது. அளவு மீறித் தேய்த்தால் எல்லா நிறமும் சேற்று நிறமாகும். எழுதி முடித்த படத்தின்மேல் கை பட்டாலும் அழியும். ஆதலால் கண்ணாடியிட்டுக் காக்க வேண்டும்.

இக்கோலைப் பிடித்து முறையாக ஓவியம் பயின்று, பின்னர் இந்திய ஓவியத்திற்குப் புதுநெறி கண்ட பெரியார் ஒருவர் உளர். அவரே வங்க நாட்டு அவனீந்திரநாத தாகூர் ஆவார்.

அவர் 1871ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 7ஆம் நாள் கல்கத்தா நகரில் ஜோராசாங்கோ என்னும் பகுதியிலுள்ள தாகூர் மாளிகையில் பிறந்தார். கவியரசர் இரவீந்திரநாதர் இவருக்குச் சிற்றப்பா முறையினர். தந்தையார் குணேந்திரநாதர். அவர் இளமையிலேயே மறைந்தார். அப்போது மைந்தருக்கு வயது பத்து. கங்கைக் கரையில் கொன்னகர் என்னும் ஊரில் இருந்த தோட்ட வீட்டில் தங்கியபோது, அங்குக் கண்ட குடிசைகளை அச்சிறுவர் எழுதிப் பழகினார். வடமொழிக் கல்லூரியில் பல ஆண்டு பயின்றும் அவர் கை ஏட்டைவிடத் தாளையே நாடிற்று.

இருபது வயதைக் கடந்த காலத்தில் அவருக்கு ஓர் ஆசிரியர் வாய்த்தார். கல்கத்தா அரசினர் ஓவியப் பள்ளியில் துணைத்தலைவராக இருந்த கிலார்டி என்னும் இத்தாலியரே அவர். அவரிடம் தனிமாணவராக அமர்ந்து, இலையையும் கொடியையும் பார்த்து எழுதவும், ஒளியும் நிழலும் விழும் முறையை அறியவும், சுண்ணக்கோலால் முகங்களைத் தீட்டவும் அவனீந்திரர் கற்றார். சுண்ணக்கோல் அவருடைய இயல்புக்கு மிகப் பொருந்திற்று. வீட்டாரையும் உறவினரையும் எதிரே அமர்த்தி அவர்தம் உருவங்களை எழுதினார். இரவீந்திரரும் அவ்வாறு அமர்ந்தவர்களுள் ஒருவர்.

அதன்பின் பால்மர் என்னும் ஆங்கிலேயரிடம் எண்ணெய் வண்ணமும், உயிருள்ள உருவத்தைப் பார்த்து எழுதும் முறையும் பயின்றார். ஒரு நாள் அவ்வாசிரியர் மனித மண்டையோடு ஒன்றை எதிரே வைத்து எழுதச் சொன்னார். அதனை உற்று நோக்க நோக்க மாணவருக்கு உடல் நடுங்கிற்று. எழுதுவதை நிறுத்த ஆசிரியர் இசையவில்லை. எப்படியோ முடித்துக்கொண்டு வீடு திரும்பியவர் கடுங்காய்ச்சலில் வீழ்ந்தார். ஓவியப் பயிற்சியும் சில காலம் நின்றது. இது நகைத்து விடத்தக்க நிகழ்ச்சி அன்று. எப்பொருளையும் உள்ளம் கலந்தே நோக்கும் இயல்பினர், வெறும் அளவெடுக்கும் கண்ணோடு நோக்கப் பணிக்கப்பட்டார். அதனை அவர் உடலும் தாங்கவில்லை.

கைத்திறன் வளர்ந்தது, மனநிறைவு வளரவில்லை. வைணவப் பாடல் ஒன்றைத் தழுவி, வெண்ணிலா இரவில் கண்ணனைத் தேடிச் செல்லும் இராதையை அவர் எழுதினார். முடித்த பின் பார்த்தபோது, வெள்ளைக்காரப் பெண் ஒருத்திக்குச் சேலை உடுத்திக் குளிர்காலத்து நள்ளிரவில் தெருவில் விட்டதுபோல் அவருக்குத் தோன்றிற்று. பழுது வண்ணத்தில் இல்லை, உடலளவிலும் இல்லை. கற்ற முறை சிறிதும் பிழைபடாதிருந்தும் இராதை மட்டும் அப்படத்தில் இல்லை. பல ஆண்டுகளாக முயன்று கற்றவர்க்கு இதனைவிடப் பெருந்துயர் வேறில்லை.

அக்காலத்தை ஒட்டி இரு திசைகளிலிருந்து இரு பரிசுகள் அவரை வந்தடைந்தன. ஆங்கில நண்பர் ஒருவர் அயர்லாந்து நாட்டுப் பாடல்கள் ஓவிய அணிகளோடு எழுதப்பட்ட ஏடுகளை அனுப்பினார். உறவினர் ஒருவர் பழைய இந்தியச் சிற்றோவியத் தொகுதி ஒன்றை அளித்தார். இரண்டையும் அருகருகே வைத்து நோக்கிய அவனீந்திரர், தம் நாட்டிலேயே ஒரு செல்வம் பூட்டிக் கிடத்தலை உணர்ந்தார். பொன்ரேக்கு ஒட்டும் தொழிலைக் கைவினைஞர் ஒருவரிடம் கேட்டறிந்தார். பெருங்குடியிற் பிறந்தவர், ஐரோப்பியரிடம் பயின்றவர், ஒரு தொழிலாளியிடம் மாணவராக நின்றார். அதன்பின் எழுந்தவையே கண்ணன் லீலையைக் காட்டும் ஓவியங்கள்.

1896ஆம் ஆண்டில் ஹாவெல் என்னும் ஆங்கிலேயர் கல்கத்தா ஓவியப் பள்ளியின் தலைவரானார். அவர் அதற்குமுன் சென்னை ஓவியப் பள்ளிக்குத் தலைமை தாங்கித் தமிழ்நாட்டுக் கைவினைகளின் மேன்மையை நேரிற் கண்டவர். அவர் காட்டிய மொகலாயப் படம் ஒன்றில் ஒரு கொக்கு இருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது அதன் ஒவ்வோர் இறகும், காலின் தோற்சுருக்கமும் தெளிவாகத் தெரிந்தன. அவனீந்திரர் வியந்து நின்றார். பள்ளியிலிருந்த ஐரோப்பியப் படங்களை நீக்கி இந்தியப் படங்களை ஹாவெல் வைத்தபோது மாணவர் பலர் கிளர்ந்தெழுந்தனர். மேனாட்டுக் கலை தமக்கு மறுக்கப்படுகிறது என்பது அவர்தம் அச்சம். அடிமை நாட்டில் அவ்வச்சம் எழுந்தது இயல்பே.

இதற்கிடையே பிளேக் நோய் கல்கத்தாவைச் சூழ்ந்தது. அவனீந்திரரின் அருமை மகள் அதற்கு இரையானாள். அத்துயரம் முழுவதையும் அவர் ஓர் ஓவியத்தில் இறக்கி வைத்தார். ஆக்ராக் கோட்டையில் இறக்கும் தறுவாயிலுள்ள ஷாஜகான் தொலைவிலுள்ள தாஜ்மகாலை நோக்குகிறார். காலடியில் மகள் ஜகனாரா அமர்ந்திருக்கிறாள். 1902ஆம் ஆண்டில் எழுதிய இப்படம் தில்லி தர்பார்க் கண்காட்சியில் வெள்ளிப்பதக்கம் பெற்றது. அமைப்பு மொகலாய ஓவியத்தைச் சார்ந்தது. எழுதிய வண்ணமோ பால்மரிடம் கற்ற எண்ணெய் வண்ணம். பழைய கல்வியை அவர் எறிந்துவிடவில்லை என்பதற்கு இதுவே சான்று. முகங்களை எழுதப் பிற்காலத்திலும் சுண்ணக்கோலை அவர் எடுத்ததுண்டு.

1903ஆம் ஆண்டில் ஜப்பானிய ஓவியர் தைக்கானும் ஷுன்சோவும் கல்கத்தாவுக்கு வந்தனர். அவர்கள் நீர்வண்ணத்தைக் கையாண்ட முறையைக் கண்டு, எழுதிய தாளையே மீண்டும் மீண்டும் நீரில் தோய்த்து எழுதும் உத்தியை அவனீந்திரர் வகுத்தார். சுண்ணக்கோல் தந்த அதே மென்புகை இப்போது நீர்வண்ணத்திலும் படிந்தது. 1905இல் எழுதிய பாரதமாதா இம்முறையில் அமைந்தது. உணவும் உடையும் ஏடும் செபமாலையும் நான்கு கைகளில் ஏந்தி நிற்கும் அவ்வன்னையின் வடிவம் நாடெங்கும் பரவிற்று.

அவ்வாண்டிலேயே ஓவியப் பள்ளியின் துணைத்தலைவராகிப் பத்தாண்டுக் காலம் கற்பித்தார். ஒருமுறை மாணவர் நந்தலால் போஸ், தவம்புரியும் உமையை எழுதிக் காட்டினார். நிறம் குறைவு என்று கருதிய ஆசிரியர், சற்றே அணிசெய்யுமாறு கூறி அனுப்பினார். அன்றிரவு அவருக்கு உறக்கம் வரவில்லை. தவத்திலிருப்பவளுக்கு அணி எதற்கு? பொழுது புலருமுன்னரே மாணவர் இல்லத்திற்கு ஓடினார். அங்கே நந்தலால் தூரிகையைக் கையில் எடுத்திருந்தார். நல்ல வேளையாக வண்ணம் இன்னும் படத்தில் விழவில்லை. தம் சொல்லை மாணவரிடமே திரும்பப் பெற்றுக்கொண்டு ஆசிரியர் மகிழ்வோடு மீண்டார்.

அவருடைய மற்றொரு மாணவர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி. சென்னை ஓவியப் பள்ளிக்கு 1957 வரை பல்லாண்டு தலைவராயிருந்து, கடற்கரையிலுள்ள உழைப்பாளர் சிலையைச் சமைத்தவர் இவரே.

முதுமையில் அவனீந்திரர் வண்ணங்களைக் குறைத்துக்கொண்டார். தோட்டத்தில் விழுந்த சுள்ளி, காய்ந்த வேர், உடைந்த மரத்துண்டு ஆகியவற்றைப் பொறுக்கி வருவார். அவற்றை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பார். ஒன்றில் பறவையும், மற்றொன்றில் விலங்கும் அவருக்குத் தென்படும். சிறிதே செதுக்கியும் ஒட்டியும் அவற்றைப் பொம்மைகளாக்கி வைப்பார். 1951ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 5ஆம் நாள் அவர் மறைந்தார்.