ஆளறிந்த ஆசான் ரஹீம் சாகிபு

பந்தாட்டம் நடந்த ஊரில் கோல் அடித்தவன் பெயரை மறுநாள் ஊரே சொல்லும். அந்தக் கோலுக்கு முன்னால் எதிரியின் காலிலிருந்து பத்து முறை பந்தைப் பறித்துக் கொடுத்த பின்வரிசைக்காரன் பெயரை அவனைப் பெற்ற தாயன்றி வேறொருவர் சொல்வது அரிது. புகைவண்டியிலும் இதே நியாயந்தான். எஞ்சினைக் கண்டு குழந்தைகள் கைதட்டும். வண்டியின் கடைசியில் பச்சைக்கொடியோடு நிற்பவரை எவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. 2022-ஆம் ஆண்டில் அவருக்கு இரயில் மேலாளர் என்று புதுப்பெயர் சூட்டினார்கள். நமக்கு அவர் இன்னும் கார்டுதான். அவர் கொடி அசைக்காமல் வண்டி நகராது என்பதை இரயில்வே சோற்றைத் தின்னும் நாம் அறிவோம்.

கடைசியில் நிற்பவனையும் கண்டு, அவன் தகுதியை எடைபோட்டு, உலகத்தின் முன் கொண்டுவந்து நிறுத்திய ஒரு பெரியாரின் வரலாற்றை இவ்வாண்டு மலரில் நம் காலனிக் குடும்பத்தார்க்குச் சொல்ல விழைகின்றோம். அவர்தாம் ஹைதராபாத்து சையது அப்துல் ரஹீம். பந்தாட்ட உலகம் அன்போடு ரஹீம் சாகிபு என்று அழைத்த ஆசிரியர்.

அமெரிக்க நாட்டில் கையாலும் காலாலும் ஆடும் ஒருவகைப் பந்தாட்டம் உண்டு. அங்கே தொழில்முறைக் கழகங்கள் கல்லூரிகளுக்கு ஆளனுப்பி, மாணவர்களின் உயரம், எடை, ஓட்டம், கைவலி யாவற்றையும் அளந்து குறித்துக்கொள்கின்றன. பிறகு ஒரு நாளில் கூடி, முறைவைத்து ஒவ்வொருவராய்த் தேர்ந்தெடுக்கின்றன. 1936-ஆம் ஆண்டு தொடங்கிய வழக்கம் அது. எதிரியை மறித்து நிற்கும் முன்னணிக் காவற்காரர்களைத் தேடுவதற்கென்றே அங்கு கண்தேர்ந்தவர்கள் இருக்கின்றார்கள். ரஹீம் சாகிபின் காலத்து இந்தியாவில் அத்தகைய ஏற்பாடு ஏது? அளவு நாடாவும் இல்லை. அதற்கென்று பணமும் இல்லை. இருந்தவை ஒரு பள்ளி ஆசிரியரின் இரு கண்கள்.

ரஹீம் 1909-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 17-ஆம் நாள் ஹைதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தில் பயின்று பட்டம் பெற்றார்; பள்ளிகளில் ஆசிரியப் பணி புரிந்தார்; உடற்பயிற்சிக் கல்வியிலும் தேர்ச்சி பெற்றார். இளமையில் நன்கு பந்தாடியவர்தாம். ஆயினும் அவருடைய புகழ் அவர் ஆடிய ஆட்டத்தால் வந்ததன்று. பிறரை ஆடவைத்ததால் வந்தது. 1943-ஆம் ஆண்டு ஹைதராபாத் காற்பந்துச் சங்கத்தின் செயலாளரானார். இறக்கும் வரையில் அப்பொறுப்பை வகித்தார். 1950-இல் ஹைதராபாத் நகரப் போலீஸ் அணியின் பயிற்சியாளரானார். அந்த ஆண்டு தொடங்கி 1954 வரையில் தொடர்ந்து ஐந்து முறை அவ்வணி பம்பாய் ரோவர்ஸ் கோப்பையை வென்றது.

வகுப்பறை ஆசிரியர் எப்படி மாணவனின் குறையறிந்து பாடம் நடத்துவாரோ, அப்படியே மைதானத்திலும் அவர் நடத்தினார். வலக்கால் வலியவன் இடக்காலால் மட்டுமே பந்தை உதைக்கவேண்டும் என்று விதி வகுத்துப் போட்டிகள் வைத்தார். பந்தைத் தன் காலிலேயே வைத்துக்கொண்டு வித்தை காட்டக் கூடாது, உடனே தோழனுக்குத் தள்ளிவிட வேண்டும் என்று மற்றொரு வகைப் போட்டி வைத்தார். இதில் ஒரு சூட்சுமம் இருக்கின்றது. ஒருவன் வல்லதைச் செய்யும்போது அவன் திறமை தெரியும்; வராததைச் செய்யச் சொன்னால்தான் அவன் பொறுமையும் புத்தியும் தெரியும். பயிற்சிக்குப் பயிற்சியும் ஆயிற்று. ஆளை அறிவதற்கு ஆளை அறிவதும் ஆயிற்று.

1951-ஆம் ஆண்டு புதுதில்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டு விழாவில் இந்திய அணியை அவர் பயிற்றுவித்தார். சைலேன் மன்னா தலைமையில் நம்மவர் இறுதியாட்டத்தில் ஈரானை ஒரு கோலால் வென்று தங்கம் பெற்றனர். அடுத்த ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் கிடைத்ததோ பேரடி. யூகோஸ்லாவியா நம்மை 10-க்கு 1 என்று வீழ்த்தியது. குளிர்தேசத்து மைதானத்தில் நம்மவர் பலர் வெறுங்காலோடு ஆடியிருந்தனர். அதன்பின் பூட்சு அணிந்தே ஆடவேண்டும் என்ற கட்டாயம் நம் நாட்டில் வந்தது. அதே ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஹங்கேரியரின் ஆட்டமுறையை ரஹீம் சாகிபு கருத்தூன்றிப் பயின்றார். தோற்றுத் திரும்பும் வழியில் பிறர் வருந்தினர். அவர் பாடம் படித்துத் திரும்பினார்.

அப்பாடத்தின் பயன் 1956-இல் மெல்போர்ன் நகரில் தெரிந்தது. ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே 4-க்கு 2 என்று இந்தியா வென்றது. நெவில் டிசூசா மூன்று கோல்களை அடித்தார். ஒலிம்பிக் காற்பந்தில் அரையிறுதிக்குச் சென்ற முதல் ஆசிய நாடு என்ற பெயரும் நான்காம் இடமும் நமக்குக் கிட்டின.

இனி நம் நெஞ்சுக்கு நெருக்கமான செய்திக்கு வருகின்றோம். ரஹீம் சாகிபின் அணியில் ஒளிவிட்ட இருவர், பிழைப்பைத் தேடிப் பிறமொழி நிலத்தில் குடியேறிய நம்மைப்போன்ற தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள். ஒருவர் துளசிதாஸ் பலராம். செகந்திராபாத்தை அடுத்த அம்முகூடா என்னும் சிற்றூரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். ஹைதராபாத்து மைதானத்துக்குப் போய்வரும் செலவுக்கே வழியில்லாதிருந்த அவ்விளைஞனைக் கண்டு, ரஹீம் சாகிபு தாமே அதற்கு வழி செய்து கொடுத்து வரவழைத்தார் என்பர். அவ்விளைஞர் இருபது வயது அளவிலேயே மெல்போர்ன் சென்றார். மற்றவர் பீட்டர் தங்கராஜ். ஆறடிக்கு மேல் வளர்ந்தவர். செகந்திராபாத்துச் சிறு கழகங்களில் ஆடிப் பிறகு இராணுவத்தில் சென்னைப் படைப்பிரிவுப் பயிற்சி நிலையத்தில் சேர்ந்தவர். முதலில் முன்வரிசையில் ஆடியவர், பின்னர்க் கோல்காவலராய் மாறினார். ஆசியாவின் தலைசிறந்த காவலர்களுள் ஒருவரானார். ஆசிரியரின் மொழி உருது. இப்பிள்ளைகளின் வீட்டுமொழி தமிழ். ஆட்டத்தைக் காணும் கண்ணுக்கு மொழி குறுக்கே நிற்கவில்லை.

பின்வரிசைக்கு அவர் ஆள் தேர்ந்த விதமும் அறியத்தக்கது. முன்வரிசைக்காரன் பத்து முறை தவறி ஒருமுறை வென்றால் வீரன். பின்வரிசைக்காரன் பத்து முறை வென்று ஒருமுறை தவறினால் பழிகாரன். ஆகையால் பின்வரிசைக்கு வேண்டியவை உடல்வலி மட்டுமல்ல. பந்து வருமுன் அது வரும் இடத்தை அறியும் மதி வேண்டும். ஏமாற்றும் காலைப் பார்க்காமல் பந்தையே பார்க்கும் நிதானம் வேண்டும். தோழன் தவறினால் அவன் இடத்தை நிரப்பும் பெருந்தன்மையும் வேண்டும். இவற்றை அளக்க நாடா ஏது?

ஜர்னைல் சிங்கு அத்தகைய ஒருவர். 1947-இல் நாடு பிரிந்தபோது மேற்குப் பஞ்சாபிலிருந்து இப்பக்கம் வந்து சேர்ந்த குடும்பத்தின் பிள்ளை. மாகில்பூர்க் கால்சா கல்லூரியில் ஆடிப் பெயர் பெற்று, கல்கத்தாவுக்கு வந்து, மோகன் பகானில் சேர்ந்து நடுப்பின்வரிசையில் மலைபோல் நின்றவர். மற்றொருவர் நம் அண்டைவீட்டார் எனத்தக்கவர். இரிஞ்ஞாலக்குடையில் பிறந்து, எறணாகுளம் மகாராஜாக் கல்லூரியில் பயின்று, பம்பாய்க் கால்டெக்ஸ் அணியில் ஆடிய ஓ. சந்திரசேகரன். பின்வரிசையின் ஓரத்தைக் காத்த அவர் 1960 ரோம் ஒலிம்பிக்கிலும் ஆடினார். 2021-ஆம் ஆண்டு இதே கொச்சியில் அவர் கண்மூடியபோது நம் காலனியில் எத்தனை பேருக்கு அவர் யாரென்று தெரிந்திருந்தது? நமக்கும் தெரியாது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கின்றோம்.

ரோமில் இந்தியா பிரான்சோடு 1-க்கு 1 என்று சமநிலை கண்டது. வலிய ஹங்கேரியிடம் ஒரே கோல் வேறுபாட்டில் தோற்றது. அப்பயணத்தில் ரஹீம் சாகிபின் மகன் ஹக்கீமும் அணியில் இடம்பெற்றிருந்தார். ஆயினும் ஓர் ஆட்டத்தில்கூடத் தந்தை அவரைக் களத்தில் இறக்கவில்லை. மகன் என்பதற்காக இடம் கொடுப்பவர் உலகில் பலர். மகனை வரிசையில் உட்காரவைத்துவிட்டுப் பிறர் பிள்ளையை ஆடவிட்டவர் இவர்.

அவருடைய வாழ்வின் சிகரம் 1962-ஆம் ஆண்டு ஜகார்த்தா நகரில் அமைந்தது. அப்போதே அவர் உடல் நலிந்திருந்தது. முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 2-க்கு 0 என்று தோல்வி. அடுத்துத் தாய்லாந்தை வென்றனர். ஆனால் அவ்வாட்டத்தில் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் பலத்த காயம் பட்டுத் தையல் போடவேண்டியதாயிற்று. ஜப்பானோடு நடந்த ஆட்டத்தை அவரின்றியே ஆடி வென்றனர். அரையிறுதியில் ரஹீம் சாகிபு யாரும் எதிர்பாராததைச் செய்தார். தலையில் கட்டோடு வந்த அந்தப் பின்வரிசை வீரரை முன்வரிசையின் நடுவில் நிறுத்தினார். பின்வரிசையின் நடுவை அருண் கோஷிடம் ஒப்படைத்தார். தென்வியட்நாமை 3-க்கு 2 என்று வென்ற அவ்வாட்டத்தில் ஜர்னைலும் ஒரு கோல் அடித்தார். காலமெல்லாம் கோலைத் தடுத்தவனுக்குக் கோல் எங்கே பிறக்கும் என்பதும் தெரிந்திருக்கும் என்பதை அவ்வாசிரியர் கண்டிருந்தார் போலும்.

இறுதியாட்டம் செப்டம்பர் 4-ஆம் நாள். எதிரே மீண்டும் தென்கொரியா. தைவானையும் இஸ்ரேலையும் விழாவிற்கு அழைக்காததை இந்தியரான ஜி. டி. சோந்தி கண்டித்ததால் ஜகார்த்தா மக்கள் நம் நாட்டின்மேல் சினங்கொண்டிருந்தனர். இந்தியத் தூதரகம்கூடத் தாக்குதலுக்கு ஆளாயிற்று. பெருந்திரளான கூட்டம் நமக்கு எதிராய் ஆர்ப்பரித்தது. முந்திய இரவு ரஹீம் சாகிபு தம் பிள்ளைகளை அழைத்து, தங்கம் ஒன்றையே தமக்குப் பரிசாகக் கேட்டார் என்று அவர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தனர். 17-ஆம் நிமிடத்தில் பி. கே. பானர்ஜி ஒரு கோல் அடித்தார். 20-ஆம் நிமிடத்தில் ஜர்னைல் மற்றொன்று அடித்தார். பின்னே தங்கராஜ், சந்திரசேகரன், அருண் கோஷ், திரிலோக் சிங்கு ஆகியோர் அரண்போல் நின்றனர். ஆட்டம் முடியுந் தறுவாயில்தான் கொரியர் ஒரு கோலைத் திருப்ப முடிந்தது. 2-க்கு 1 என்று வென்று இந்தியா தங்கம் பெற்றது. அதற்குப்பின் ஆசிய விளையாட்டில் காற்பந்துத் தங்கம் நம் கைக்கு வரவேயில்லை.

ஓராண்டுகூட ஆகவில்லை. 1963-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் நாள் புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று. வயது 53. அதன்பின் நெடுங்காலம் நாடு அவரை மறந்திருந்தது. 2024-இல் வெளிவந்த இந்தித் திரைப்படம் ஒன்றினால்தான் இளையோர் பலருக்கு அவர் பெயர் தெரியவந்தது. பின்வரிசைக்காரரைக் கண்டெடுத்தவரும் ஒருவகையில் பின்வரிசைக்காரர்தாமே!

ஆயினும் நல்லாசிரியன் இட்ட வித்து வீண்போவதில்லை. ரோமுக்கு அவர் அழைத்துச் சென்றவர்களுள் ஒருவர் சைமன் சுந்தரராஜ். 1973-ஆம் ஆண்டு டிசம்பரில், காயலுக்கு அக்கரையிலுள்ள எறணாகுளம் மகாராஜாக் கல்லூரி மைதானத்தில், அவர் பயிற்றுவித்த கேரள அணி முதன்முதலாகச் சந்தோஷ் கோப்பையை வென்றது. தலைவர் மணி மூன்று கோல் அடித்தார், 3-க்கு 2. தோற்ற அணி எது தெரியுமா? நம் இரயில்வே அணிதான்! நம் அலுவலகத்து மூத்தவர்கள் சிலர் அதைச் சொல்லும்போது சிரிப்பதா வருந்துவதா என்று இன்றும் அறியாது திகைப்பார்கள்.

இவ்வளவும் எழுதக் காரணம் ஒன்றுண்டு. நம் காலனி விளையாட்டு நாளில் அணி பிரிக்கும் பொறுப்பு ஓராண்டு நம்மிடம் வந்தது. மெலிந்த உடலும் கிழிந்த செருப்புமாய் வந்த ஒரு சிறுவனை, பின்வரிசைக்கு இவன் தாங்கமாட்டான் என்று ஒரு பார்வையிலேயே தள்ளிவிட்டோம். அவன் ஒன்றும் பேசவில்லை. கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து ஆட்டம் முடியும் வரை பார்த்திருந்து போனான். அதன்பின் அவன் பந்தாட வந்ததை நாம் கண்டதில்லை. ரஹீம் சாகிபின் வரலாற்றைப் படித்த நாள் முதல் அந்த முகம் நம் கண்முன் நிற்கின்றது. அவன் எத்தகைய ஆட்டக்காரன் என்பது நமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவனுக்கு ஒரு பத்து நிமிடம் கொடுக்கவில்லை என்பதே நம் குற்றம்.

சுள்ளிக்கல்லில் நாம் சிறுதொகையினர். வந்த இடத்தில் நம் பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடிக்க வெளியிலிருந்து ஒரு ரஹீம் சாகிபு வருவார் என்று காத்திருப்பது நியாயமன்று. முதலில் நாமே நம் பிள்ளைகளைப் பார்க்கப் பழகவேண்டும். ஆகவே சங்கத்தாருக்கு இரண்டு வேண்டுகோள். கோல் அடித்தவனுக்குத் தரும் பரிசோடு, கோலைத் தடுத்தவனுக்கும் ஒரு பரிசு வருகின்ற ஆண்டு முதல் தருக. பூட்சுக்கும் பஸ்ஸுக்கும் பணமின்றி வெளி மைதானத்துக்கோ பரேடு மைதானத்துக்கோ போகாமல் நிற்கும் பிள்ளைகளுக்கென்று ஒரு சிறு நிதி ஒதுக்குக. முதல் தொகையை நாமே செலுத்தச் சித்தமாயிருக்கின்றோம்.

அந்தச் சிறுவன் இன்று வளர்ந்து இளைஞனாகியிருப்பான். இம்மலர் அவன் வீட்டுக்கும் வரும். படித்துவிட்டு ஒரு மாலை அவன் மைதானத்துக்கு வருவானாயின், இம்முறை கோட்டுக்கு வெளியே உட்காரவேண்டியவர் நாமே.

வாழ்க ரஹீம் சாகிபின் நினைவு! வளர்க நம் சங்கம்!