கதை சொல்லியின் வீட்டுக்குப் போட்ட சாலை

‘புதையல் தீவு’ கதையை உங்களில் பலர் பள்ளியில் துணைப்பாடமாகப் படித்திருப்பீர்கள். ஒற்றைக்கால் கடற்கொள்ளையன், அவன் தோளில் ஒரு கிளி, பழைய பெட்டியில் ஒரு தீவின் வரைபடம் என்று போகும் கதை. அதை எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சன், எழுதிய சமயத்தில் வெப்பமண்டலத் தீவு ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. 1881-ல் ஸ்காட்லாந்தில் மழையால் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, மனைவியின் மகனோடு விளையாட்டாகத் தீவுப் படம் ஒன்றை வரைந்தார். அந்தப் படத்திலிருந்து பிறந்த கதை அது. உண்மையான தீவுகளுக்கு அவர் புறப்பட்டது ஏழு வருடம் கழித்து. அந்தப் பயணமும் அதற்குப் பிந்தைய வாழ்க்கையும் கதையைவிடச் சுவையானவை.

ஸ்டீவன்சன் 1850 நவம்பர் 13-ல் எடின்பரோவில் பிறந்தார். ஒரே பிள்ளை. தாத்தா, அப்பா, பெரியப்பா என்று குடும்பமே கலங்கரை விளக்கம் கட்டும் பொறியாளர்கள். நம் ஆள் மட்டும் பொறியியலை விட்டுச் சட்டம் படித்தார், அதையும் விட்டு எழுத்துக்கு வந்தார். அப்பாவுக்கு எவ்வளவு வருத்தம் இருந்திருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அதைவிடப் பெரிய பிரச்சினை உடம்பு. சின்ன வயதிலிருந்தே நெஞ்சுக் கோளாறு. பெரியவரான பிறகு, இருமினால் ரத்தம் வரும் நிலை. பல நாட்கள் பேசக்கூடாது, எழுந்திருக்கக்கூடாது என்று கட்டளை. ‘கடத்தப்பட்டவன்’, ‘ஜெக்கிலும் ஹைடும்’ போன்ற புகழ்பெற்ற கதைகள் 1886-ல் வெளியானபோது, இங்கிலாந்தின் போர்ன்மவுத் ஊரில் அவர் பெரும்பாலும் படுக்கையில்தான் கிடந்தார். வீட்டைவிட்டு வெளியே வருவதே அபூர்வம்.

1887-ல் தகப்பனார் காலமானார். அந்த வருடமே தாயார், மனைவி ஃபேனி, ஃபேனியின் மகன் லாயிட் ஆகியோருடன் அமெரிக்கா போனார். குளிர்காலம் முழுவதும் சரனாக் ஏரிக்கரையில் வைத்தியம். முழுக் குணம் கிடைக்கவில்லை. அப்போது ஒரு முடிவெடுத்தார். தகப்பனார் விட்டுச்சென்ற பணத்தில் பெரும்பகுதியைப் போட்டு, ‘காஸ்கோ’ என்ற பாய்மரக் கப்பலை வாடகைக்கு எடுத்தார். கடல் காற்றில் உடம்பு தேறினால் லாபம், தேறாவிட்டால் பணமும் போச்சு, உயிரும் போச்சு. என்னைப் போல வங்கியில் காலம் தள்ளியவர்கள் எவரும் இப்படி ஒரு முதலீட்டுக்குச் சிபாரிசு செய்ய மாட்டோம்!

1888 ஜூன் 28-ல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பினார்கள். தாயாருக்கு அப்போது 59 வயது. விதவைகள் அணியும் வெள்ளைத் தொப்பியோடு அந்த அம்மாளும் கப்பலேறினார். ஒரு மாதம் கழித்து, ஜூலை 28 அதிகாலையில், மார்க்கசாஸ் தீவுக்கூட்டத்தின் நுக்கு ஹிவா தீவு கண்ணில் பட்டது.

முதல் நாளே தீவுவாசிகள் படகுகளில் வந்து கப்பல் முழுக்க உட்கார்ந்துவிட்டார்கள். ஸ்டீவன்சனுக்கு உள்ளூரப் பயம். மொழி தெரியாது, இவர்கள் நரமாமிசம் தின்றவர்களின் பரம்பரை என்று கேள்விப்பட்டிருந்தார். சில நாட்களில் பயம் தெளிந்தது. தன் ஸ்காட்லாந்து மலைநாட்டுப் பழங்கதை ஒன்றை அவர் சொல்ல, அதற்கு ஈடாக அவர்கள் தங்கள் கதையைச் சொன்னார்கள். பேய், குலப்பகை, தீட்டு எல்லாம் இரண்டு பக்கமும் இருந்தன. வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த நோய்களால் அந்த ஜனங்கள் கூட்டம் கூட்டமாக அழிந்துவருவதையும் அங்கேதான் கண்ணெதிரே பார்த்தார்.

பிறகு பவளத் தீவான ஃபகராவா, அங்கிருந்து தஹிதி. தஹிதியில் மறுபடியும் ரத்தம் கக்கிப் படுத்துவிட்டார். தாவுதிரா என்ற கிராமத்தில் மோவே என்ற இளவரசி, தேங்காய்ப்பால் விட்ட பச்சை மீன் உணவைத் தந்து பார்த்துக்கொண்டாள். ஓரி என்ற தலைவர் தன் வீட்டையே ஒழித்துக் கொடுத்தார். இந்த நேரத்தில் இன்னொரு இடி. கப்பலின் பாய்மரம் உள்ளே உளுத்துப்போயிருந்தது தெரியவந்தது. பெரிய புயல் ஒன்று அடித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. பழுது பார்க்கக் கப்பல் தலைநகருக்குப் போய்விட்டது. வாரங்கள் ஓடின. கையில் பணமும் இல்லை, சாப்பாட்டுச் சாமானும் தீர்ந்தது.

யோசித்துப் பாருங்கள். முன்பின் தெரியாத ஊர், நோயாளி, வயதான தாயார், காசில்லாத வெளிநாட்டுக் குடும்பம். ஓரி என்ன செய்தார் தெரியுமா? இது உங்கள் வீடு, எத்தனை நாள் வேண்டுமானாலும் இருங்கள் என்றார். மோசமான கடலில் தானே படகை எடுத்துக்கொண்டு தலைநகருக்குப் போய்ப் பணமும் சாமானும் கொண்டுவந்து சேர்த்தார். இருவரும் பெயரை மாற்றிக்கொண்டு சகோதரர்கள் ஆனார்கள். லூயி என்ற பெயர் அவர்கள் வாயில் ‘ருய்’ ஆகி ஓரிக்குப் போனது, ஓரியின் ‘தேரியிதேரா’ இவருக்கு வந்தது. ஸ்டீவன்சன் தேறியதற்குக் கடல் காற்று எவ்வளவு காரணமோ, இந்த மனிதர்களும் அவ்வளவு காரணம் என்பது என் எண்ணம்.

1889 ஜனவரியில் ஹவாய் சேர்ந்தார்கள். காஸ்கோ திரும்பிப் போயிற்று. அங்கிருந்தபடி தனியாக மொலோகாய் தீவுக்குப் போனார். தொழுநோயாளிகளை ஒதுக்கி வைத்திருந்த இடம் அது. அவர்களுக்கு உழைத்து, அதே நோயால் தாமியன் பாதிரியார் இறந்து சில வாரங்களே ஆகியிருந்தன. ஸ்டீவன்சன் அங்கே ஒரு வாரம் தங்கி, நோயுற்ற சிறுமிகளுக்குப் பந்து விளையாடச் சொல்லிக் கொடுத்தார். கையுறை போட்டுக்கொள்ளவில்லை. திரும்பியதும் அவர்களுக்கு ஒரு பியானோ வாங்கி அனுப்பினார்.

அடுத்து ‘ஈக்வேட்டர்’ என்ற வியாபாரக் கப்பலில் கில்பர்ட் தீவுகள். 1889 டிசம்பரில் சமோவா. ஆபியா நகருக்கு மேலே, மலைச்சரிவில் 300 ஏக்கருக்கு மேல் காடு வாங்கினார். அந்த இடத்தின் பெயர் வைலிமா. முதலில் ஊர் திரும்பும் எண்ணம் இருந்தது. ஆனால் குளிர்ப் பிரதேசத்தின் பக்கம் போனாலே உடம்பு படுத்தியது. எனவே இங்கேயே வீடு கட்டினார், காட்டை வெட்டினார், தோட்டம் போட்டார், குதிரையில் சுற்றினார். படுத்த படுக்கையாக இருந்தவரா இவர் என்று ஆச்சரியமாக இருக்கும்.

சமோவா மக்கள் அவருக்கு ‘துசிதாலா’ என்று பெயர் வைத்தார்கள். கதை எழுதுபவர் என்று பொருள். பூதம் அடைத்த சீசா பற்றிய அவருடைய கதை சமோவா மொழியில் வந்தபோது, அதை நிஜம் என்றே பலர் நம்பினார்கள். இவ்வளவு பெரிய வீட்டுக்குப் பணம் வேறு எங்கிருந்து வந்திருக்கும்? வீட்டுக்கு வந்தவர்கள் அந்தச் சீசாவைத் தேடினார்களாம்.

அப்போது சமோவாவில் ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்கா மூன்றும் நாட்டாமை செய்துகொண்டிருந்தன. யார் அரசர் என்பதை வெளிநாட்டார் முடிவு செய்தார்கள். ஸ்டீவன்சன் சும்மா இருக்கவில்லை. லண்டன் ‘டைம்ஸ்’ பத்திரிகைக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். அதிகாரிகளுக்குக் கோபம் வந்து, அவரைத் தீவைவிட்டே அனுப்ப வழி பார்த்தார்கள். 1893-ல் உள்நாட்டுச் சண்டை வந்தது. அவர் மதித்த மதாஃபா தோற்று நாடு கடத்தப்பட்டார். மதாஃபா பக்கம் நின்ற தலைவர்கள் ஆபியா சிறையில் அடைக்கப்பட்டார்கள்.

தோற்ற கட்சியை யார் எட்டிப் பார்ப்பார்கள்? ஸ்டீவன்சன் குடும்பத்தோடு போனார். உணவும் புகையிலையும் கொண்டுபோனார், மருத்துவரை அனுப்பினார். அந்தத் தலைவர்களும் சிறைக்குள்ளேயே அவருக்கு விருந்து வைத்து மரியாதை செய்தார்கள்.

1894-ல் விடுதலையானவர்கள் நேரே வைலிமாவுக்கு வந்தார்கள். பொதுச் சாலையிலிருந்து அவர் வீட்டுக்கு ஒரு சாலை போட்டுத் தருகிறோம் என்றார்கள். கூலி வேண்டாம் என்றும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். சாலை வேலை என்றாலே சமோவா மக்களுக்குப் பிடிக்காது. அப்படியிருந்தும் தலைவர்களே மண் வெட்டினார்கள். அக்டோபரில் சாலை முடிந்தது. தங்கள் பெயர்களையும், சிறையில் இருந்தபோது துசிதாலா காட்டிய அன்பையும் பலகையில் எழுதி நட்டார்கள். ‘அன்புள்ள இதயத்தின் சாலை’ என்று அதற்குப் பெயர்.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் 3 மாலை, இரவுச் சாப்பாட்டுக்கு மனைவியோடு வேலை செய்துகொண்டிருந்தவர், தலையைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். அன்றிரவே உயிர் பிரிந்தது. வாழ்நாள் முழுதும் பயமுறுத்திய நெஞ்சு நோய் அல்ல, மூளையில் ரத்தக் கசிவு. வயது 44. சமோவா மக்கள் நுண்ணிய பாய்களைக் கொண்டுவந்து உடலுக்குப் போர்த்தினார்கள். வீட்டுக்குப் பின்னாலிருந்த வாயியா மலை உச்சியில் புதைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. உச்சிக்குப் பாதை கிடையாது. மறுநாள் காலையில் காட்டை வெட்டிப் பாதை போட்டு, அவரைத் தோள் மேல் சுமந்து ஏறினார்கள். ஃபேனியின் அஸ்தியும் 1915-ல் அங்கேயே சேர்ந்தது. வைலிமா வீடு இன்று அவர் நினைவு அருங்காட்சியகம்.

ஆக, அவருக்காக அந்த ஊரார் போட்ட பாதைகள் இரண்டு. நோயாளியாகக் கப்பலேறியவர், தனக்குக் கிடைத்த உபசாரத்தைத் தாவுதிராவில் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அதை ஆபியா சிறை வாசலில் வேறு யாருக்கோ கொடுத்தார். நாமும் அடுத்தடுத்த கதவுகளுக்குள் வாழ்பவர்கள்தான். பக்கத்து வீட்டில் யாராவது படுத்துவிட்டாலோ, ஊரே ஒதுக்கும் கஷ்டத்தில் இருந்தாலோ, ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

விடுமுறையில் பேரப்பிள்ளைகளுக்குப் ‘புதையல் தீவு’ படித்துக் காட்டுங்கள். முடிந்ததும் இந்தக் கதையையும் சொல்லுங்கள்.