கடிவாளம் விடாத கை

ஈழத்துச் சைவர் சித்திரா பூரணையன்று இறந்த தாயை எண்ணி விரதங் காப்பர். மட்டக்களப்பு வாவிக்கரையிலுள்ள எங்கள் அமிர்தகழியிலே அந்நாளுக்குத் தனிப்பொருளுண்டு. இப்பகுதித் தமிழரிடைக் குடி தாய்வழியே வருவது; வீடு மகளுக்கு உரியது; ஆதலின் வீட்டிலே மூதாட்டியின் சொல்லுக்கு எதிர்ச்சொல் எழுவது அரிது. அச்சொல் குடும்பத்தைக் காத்ததையும் கண்டிருக்கிறோம். சிற்சில வேளைகளிற் பிளந்ததையும் கண்டிருக்கிறோம். இவ்விரண்டையும் ஓர் அரசின் அளவிலே செய்துகாட்டிய ஒரு தாயின், ஒரு பாட்டியின் வரலாற்றை இங்கு நினைவுகூர்வோம். அவர் மராட்டிய அரசி தாராபாய் அம்மையார்.

மராட்டிய அரசிக்கும் தமிழுலகுக்கும் யாது தொடர்பு என வாசகர் வினவலாம். செஞ்சிக்கோட்டை என்றதும் நம்மவர் நெஞ்சில் தேசிங்குராசனும் அவன் பரியுமே தோன்றுவர். தேசிங்கு மாண்டது 1714ஆம் ஆண்டில். அதற்கு ஏறக்குறைய இருபதாண்டுகட்கு முன்னரே, குதிரையேற்றத்தில் ஆடவரை நிகர்த்த இவ்வம்மையார் அதே கோட்டையில் வாழ்ந்தார், அங்கேயே தாயுமானார்.

அவர் பிறந்தது 1675இல். தந்தையார் அம்பீர்ராவ் மோகிதே, சிவாஜி மன்னனின் படைத்தலைவர். மராட்டியப் படைக்கு உயிர்நிலை குதிரையே. சொந்தக் குதிரையோடு வந்து சேரும் வீரனைச் சிலேதார் என்பர். அரசு கொடுத்த குதிரையில் ஏறுபவனைப் பார்கீர் என்பர். பீமா ஆற்றுப்பக்கத்துக் குதிரைகள் உருவிற் சிறியன, சிறுதீனி கொண்டு நெடுந்தூரம் ஓடுவன, மலைச்சரிவிலும் தளராதன. மொகலாயரின் யானைகளும் பீரங்கிகளும் கூடாரங்களும் ஊர்ந்து வருமுன் இவை பாய்ந்து தாக்கி மறைந்துவிடும். இத்தகைய படையின் தலைவருக்கு மகளாய்ப் பிறந்தவர் வாளும் குதிரையும் பயின்று வளர்ந்ததில் வியப்பில்லை. இளம்பருவத்திலேயே அவர் சிவாஜியின் இளைய மைந்தன் இராஜாராமுக்கு மனைவியானார்.

1689இல் ஔரங்கசீப் பேரரசன் சிவாஜியின் மூத்த மைந்தன் சம்பாஜியைச் சிறைபிடித்துக் கொல்வித்தான். சம்பாஜியின் மனைவியும் இளமகன் சாகுவும் மொகலாயர் கைப்பட்டனர். இராஜாராம் தெற்கே தப்பியோடிச் செஞ்சியிற் புகலடைந்தான். எட்டாண்டுகள் அக்கோட்டையை மொகலாயர் முற்றுகையிட்டனர். அம்முற்றுகைக் காலத்தே, 1696இல், தாராபாய்க்கு ஓர் ஆண்மகவு பிறந்தது. பாட்டனின் பெயரே அதற்கு இடப்பட்டது. 1698இன் தொடக்கத்தில் செஞ்சி வீழ்ந்தது. அதற்குள் வடக்கே மீண்டுவிட்ட இராஜாராம் 1700 மார்ச்சில் இறந்துபட்டான்.

அப்போது அம்மையாருக்கு வயது இருபத்தைந்து. கையில் நான்கு வயது மகன். எதிரே, தென்னாட்டை முற்றும் விழுங்கவந்த முதிய பேரரசன். கைம்பெண்ணும் குழந்தையும் எத்தனை நாள் தாங்குவர் என்றே மொகலாயர் கருதினர். அம்மையார் மகனை அரசனாக்கித் தாமே ஆட்சியை ஏற்றார். கோட்டைவிட்டுக் கோட்டை சென்று படைத்தலைவரை ஊக்கினார். ஔரங்கசீப் மலைக்கோட்டைகளை ஒவ்வொன்றாய் முற்றுகையிட்டுக் காலத்தையும் பொருளையும் இழந்துகொண்டிருக்க, மராட்டியக் குதிரைகளோ நருமதையைக் கடந்து மாளுவத்திலும் கூர்ச்சரத்திலும் புகுந்தன. அவன் பிடித்த கோட்டைகள் பலவற்றை அவன் கண்முன்னரே அவர்கள் மீட்டனர். 1707இல் அப்பேரரசன் எண்ணியது முடியாமலே அகமதுநகரில் உயிர் நீத்தான். பகைத்தரப்பு வரலாற்றாசிரியரான காபிகான் கூட அம்மையாரின் ஆற்றலை மெச்சி எழுதியுள்ளார்.

ஈண்டு வரலாறு முடிந்திருப்பின், புகழ் ஒன்றே எஞ்சியிருக்கும். ஆனால் அதே ஆண்டில் மொகலாயர் சாகுவை விடுவித்தனர். மூத்தவன் மகன் என்ற முறையில் அரசுரிமை அவனுக்கே என்றனர் பலர். தாம் காத்த நாடு தம் மகனுக்கே என்றார் அம்மையார். அவர் கூற்றில் நியாயம் இல்லாமலில்லை. சாகு சிறையிலிருந்த காலத்தில் நாட்டைக் காத்தவர் அவரே. எனினும் படைத்தலைவர் பலர் சாகுவின் பக்கம் சாய்ந்தனர். கேட் என்னுமிடத்து நிகழ்ந்த போரில் தோற்று, கோலாப்பூர்ப் பகுதியில் அம்மையார் வேறோர் அரசை நிறுவினார். அங்கும் 1714இல் அவருடைய சக்களத்தி இராஜஸ்பாய் தன் மகனை அரசனாக்கி, அம்மையாரையும் அவர் மகனையும் சிறையிலிட்டாள். செஞ்சியிற் பிறந்த அம்மகன் 1726இல் சிறையிலேயே மாண்டான். முப்பது வயதே நிரம்பாத மகனைப் பறிகொடுத்த தாயின் துயரை அளக்க வல்லார் யார்! பின்னர்ச் சாகு அவரைச் சதாராவுக்கு அழைத்துச்சென்று மதிப்புடன் வைத்திருந்தான்.

ஆண்டுகள் சென்றன. பிள்ளையற்ற சாகு நோயுற்றபோது மூதாட்டியார் ஒரு செய்தி வெளியிட்டார். மறைந்த தம் மகனுக்கு ஒரு மைந்தன் உளன். பகைவருக்கு அஞ்சி அவனை மறைவில் வளர்க்கச் செய்தேன் என்றார். சாகு அதை ஏற்றான். 1749 டிசம்பரில் சாகு இறக்கவே, இராமராஜா என்னும் அப்பேரன் அரியணை ஏறினான். அதிகாரமோ பேஷ்வா பாலாஜி பாஜிராவின் கையில் இருந்தது. பேஷ்வாவை விலக்குமாறு பாட்டி பணித்தார், பேரன் மறுத்தான். 1750 நவம்பரில், எழுபத்தைந்து வயதான அம்மையார் அவனைச் சதாராக் கோட்டையிற் சிறைவைத்தார். தம் மகனைச் சிறையிற் பறிகொடுத்த தாயே பேரனைச் சிறையிலிட்டார் என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சு துணுக்குறுகிறது.

1752இல் பேஷ்வாவுடன் உடன்பாடு ஏற்பட்டபோது, ஜெஜூரித் திருக்கோயிலிலே, குதிரையூர்ந்து வரும் தெய்வமாகிய கண்டோபாவின் திருமுன்னர், இராமராஜா தம் பேரனே அல்லன் என்று அம்மையார் ஆணையிட்டார். ஆணை மெய்யாயின், முன்னர் நாட்டுக்கு உரைத்தது பொய். முன்னுரைத்தது மெய்யாயின், தெய்வத்தின்முன் சொந்தப் பேரனையே மறுத்தார் என்றாகும். எவ்வாறாயினும் பழி நீங்குவதில்லை. பேஷ்வா இராமராஜாவைப் பெயரளவில் மன்னனாகவே விட்டுவைத்தார், அவனோ சிறையிலிருந்தான். மூன்றாம் பானிபத்துப் போர் நிகழ்ந்த 1761ஆம் ஆண்டின் டிசம்பரில், எண்பத்தாறு வயதில் அம்மையார் காலமானார். பேரனுடைய சிறையின் கதவை அதுவரை அவர் திறந்தாரல்லர்.

கோலாப்பூரில் இன்று அவருக்குச் சிலையுண்டு. முன்னங்கால்களைத் தூக்கிப் பின்னங்கால்களில் நிற்கும் குதிரைமேல் அவர் வீற்றிருக்கிறார். அச்சிலை காட்டுவது 1700ஆம் ஆண்டின் இளந்தாயை. கடிவாளத்தை இறுக்கத் தெரிந்தவனே நெருக்கடியில் வீழாதிருப்பான். தளர்த்தவும் தெரிந்தவனே குதிரையைக் கொல்லாதிருப்பான். முன்னதை அம்மையார் நன்கு கற்றிருந்தார். அதனால் ஒரு நாடு பிழைத்தது. பின்னதைக் கல்லாமையால் ஒரு பேரன் வாழ்விழந்தான். வீரத்தாயைப் போற்றும் நாம் அப்பேரனையும் மறவாதிருப்பதே நேர்மை. தாயை நினையும் நாளில் அவருடைய அருஞ்செயலோடு குறையையும் சேர்த்து நினைப்பது அன்புக்கு இழுக்கன்று என்றே யாம் எண்ணுகிறோம்.