கண்ணிழந்தும் கண்டவர்

திரிஸ்தானா என்னும் ஸ்பானியத் திரைப்படத்தைப் பார்த்த இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை. அநாதைப் பெண்ணொருத்திக்குப் பாதுகாவலராய் அமைந்த முதியவரே அவளது வாழ்வைக் கெடுக்கிறார். ஓவியன் ஒருவனுடன் வெளியேறியவள், நோயுற்று அவரிடமே மீண்டு காலொன்றை இழக்கிறாள். லூயிஸ் புனுவேல் 1970 ஆம் ஆண்டில் அளித்த அப்படத்தின் மூலக்கதையை ஆக்கியவர் யாரெனத் தேடியபோது, பெனித்தோ பேரேஸ் கால்தோஸ் என்ற பெருமகனின் வாழ்வு என்முன் விரிந்தது.

கனாரித் தீவுகளிலுள்ள லாஸ் பால்மாஸ் நகரில், 1843 இல், படை அதிகாரி ஒருவரின் பத்துப் பிள்ளைகளுள் கடைக்குட்டியாகப் பிறந்தார் கால்தோஸ். 1862 இல் சட்டம் பயில மாட்றிட் சென்றவர், சட்டநூல்களிலும் பார்க்க அந்நகரத்தின் தெருக்களையே ஆழ்ந்து கற்றார். கடைக்காரரும் பிச்சைக்காரரும் வேலைக்காரிகளும் ஏழைக் குருமாரும் தத்தம் பேச்சோடும் நடையோடும் அவருடைய ஏடுகளில் உயிர்பெற்றனர். தம் நாட்டின் வரலாற்றை மட்டும் 46 நாவல்களாக எழுதினார். திரிஸ்தானா 1892 இல் வெளிவந்தது.

மதகுருமாரின் செல்வாக்கைச் சாடிய அவரது எலெக்திரா நாடகம் 1901 இல் அரங்கேறியபோது நாடே இரண்டுபட்டது. அப்பகையை எதிராளிகள் மறந்தாரல்லர். 1912 இல் நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டபோது, சொந்த நாட்டவரே எதிர்த்து நின்றனர். பரிசு கிட்டவில்லை. அக்காலத்திலேயே கண்ணொளியும் அவரைவிட்டு அகன்றது. தெருத்தெருவாய்க் கண்டு எழுதியவர், பின்னர் வாயாற் சொல்லிப் பிறரைக்கொண்டு எழுதுவித்தார். வறுமையும் வந்து சேர, 1914 இல் அவருக்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்டினர்.

1919 ஜனவரியில் மாட்றிட்டின் ரெத்தீரோ பூங்காவில் அவருக்குச் சிலை திறந்தனர். விழாவுக்கு வந்திருந்த முதியவரால் அதனைப் பார்க்க இயலவில்லை. அருகிலிருந்தோர் அவரைத் தூக்கிப் பிடிக்க, கல்லில் வடித்த தமது முகத்தை விரல்களால் தடவி அறிந்தார். மறு ஆண்டு ஜனவரி 4 ஆந் திகதி அவர் மறைந்தபோது, அவர் எழுதிய அச்சாமானிய மக்களே திரண்டு பிரேதத்தைத் தொடர்ந்து நடந்தனர்.

புனுவேலின் படம் வெளிவந்தது அதற்கு ஐம்பதாண்டுகளின் பின்னர். களத்தை மாட்றிட்டிலிருந்து தொலேடோவுக்கு மாற்றினார் அவர். கதையின் முடிவையும் மாற்றினார். அப்பெண்ணின் துயரை மாற்றினாரல்லர். கால்தோஸின் பரிசைத் தடுத்தோரின் பெயர்களை இன்று நினைவுகூர்வார் அரியர். அவர் படைத்த பெண்ணொருத்திக்காகவோ, அவர் அறியாத தேசமொன்றில், நான் ஓரிரவு உறக்கமிழந்தேன்.