சேர் ஹரோல்ட் றிட்லி (1906 - 2001)

எமது கண்ணினுள் ஒளியைக் குவிக்கும் வில்லை ஒன்று உண்டு என்பதை விஞ்ஞான பாடத்தில் கற்றிருப்பீர்கள். அவ்வில்லை மங்கி ஒளியைத் தடுக்கும் நிலையே கண்புரை எனப்படும். மங்கிய வில்லையை அகற்றும் சத்திரசிகிச்சை 18ஆம் நூற்றாண்டிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆயினும் அதற்குப் பதிலாக வேறொரு வில்லையை வைக்க வழியிருக்கவில்லை. நோயாளர் எஞ்சிய காலமெல்லாம் தடித்த மூக்குக்கண்ணாடியுடனேயே வாழ நேர்ந்தது. இக்குறையைத் தீர்த்து வைத்தவர் ஆங்கிலேயக் கண் வைத்திய நிபுணரான ஹரோல்ட் றிட்லி ஆவார்.

றிட்லி 1906 யூலை 10ஆம் திகதி இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயர் மாவட்டத்தில் பிறந்தார். அவரது தந்தையாரும் கண் வைத்தியரே. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலும் இலண்டன் சென். தோமஸ் வைத்தியசாலையிலும் கற்றுத் தேர்ந்த அவர், அவ்வைத்தியசாலையிலும் புகழ்பெற்ற மூர்ஃபீல்ட்ஸ் கண் வைத்தியசாலையிலும் பணியாற்றினார்.

இரண்டாம் உலக மகாயுத்தத்தின்போது காயமடைந்த விமானிகளின் கண்களை அவர் பரிசோதித்தார். 1940 ஓகஸ்ட் மாதத்தில் கோர்டன் கிளீவர் என்னும் விமானியின் கண்களில், விமானத்தின் உடைந்த மூடியின் துண்டுகள் பாய்ந்திருந்தன. அம்மூடி பேர்ஸ்பெக்ஸ் என்னும் பிளாத்திக்கினால் ஆனது. சாதாரணமாக அந்நியப் பொருள் கண்ணினுள் புகுந்தால் அழற்சி ஏற்படும். ஆனால் இத்துண்டுகள் கண்ணிலேயே தங்கியிருந்தும் அத்தகைய அழற்சியை ஏற்படுத்தவில்லை. பின்னொரு நாள், கண்புரை சத்திரசிகிச்சையைப் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவ மாணவர் ஒருவர், அகற்றிய வில்லைக்குப் பதிலாக வேறொன்றை ஏன் வைப்பதில்லை என வினவினார். அக்கேள்வி றிட்லியைச் செயலில் இறங்கத் தூண்டியது.

1949 நவம்பர் 29ஆம் திகதி சென். தோமஸ் வைத்தியசாலையில் ஒரு பெண்ணின் கண்ணில் பேர்ஸ்பெக்ஸ் வில்லையை அவர் முதன்முதலாகப் பொருத்தினார். அவ்வில்லையின் வலு அதிகமாக இருந்தமையால் அப்பெண்ணுக்குக் கடும் குறும்பார்வை ஏற்பட்டது. றிட்லி மனந்தளராது கணிப்பைத் திருத்தினார்.

1951இல் ஒக்ஸ்போர்ட்டில் நடைபெற்ற மாநாட்டில் அவர் தமது முயற்சியை வெளியிட்டபோது கடும் எதிர்ப்புக் கிளம்பியது. கண்ணிலிருந்து அந்நியப் பொருளை அகற்றுவதே வைத்தியரின் கடமை, உள்ளே வைப்பதன்று எனப் பலர் வாதிட்டனர். செல்வாக்கு மிக்க சேர் ஸ்ருவேட் டியூக்-எல்டரும் அவர்களுள் ஒருவர். அவ்வெதிர்ப்பில் நியாயமும் இல்லாமலில்லை. சில நோயாளரின் கண்களில் வில்லை இடம்பெயர்ந்தது. சிலருக்கு அழற்சி ஏற்பட்டது. ஆயினும் குறைகளைத் திருத்தலாமேயன்றிக் கருத்தைக் கைவிடலாகாது என்பதே றிட்லியின் நிலைப்பாடாக இருந்தது. 1966இல் ஒத்த கருத்துடைய வைத்தியர்களுடன் இணைந்து சர்வதேசக் கழகம் ஒன்றை நிறுவினார்.

வில்லையின் வடிவமும் சத்திரசிகிச்சை முறைகளும் திருந்தியபோது உலகம் அவரது கருத்தை ஏற்றது. 1986இல் றோயல் சங்கத்தின் உறுப்பினரானார். 2000ஆம் ஆண்டில், தமது 93ஆவது வயதில், சேர் பட்டம் பெற்றார். முதுமையில் அவருக்கும் கண்புரை ஏற்பட்டபோது, தாம் முதல் வில்லையைப் பொருத்திய அதே வைத்தியசாலையிலேயே அவரது கண்களிலும் செயற்கை வில்லைகள் பொருத்தப்பட்டன. 2001 மே 25ஆம் திகதி அவர் காலமானார்.

இன்று இலங்கை உட்பட உலகெங்கும் கண்புரை நோயாளர் செயற்கை வில்லையால் பார்வை பெறுகின்றனர். நுணுகி நோக்கும் கண்ணும், எதிர்ப்புக்கு அஞ்சாத உள்ளமும், தன் பிழையைத் தானே திருத்தும் பண்பும் ஓர் ஆய்வாளனுக்கு வேண்டியவை என்பதை றிட்லியின் வாழ்க்கை எமக்கு உணர்த்துகின்றது.